கூரையில் ஏறிய மஞ்சள்

எங்கள் அண்ணிக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்துவிட்டது என்று தோன்றியதும் அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார், வகுப்பில் சேட்டை செய்த பையனை நிறுத்துவது போல. சில நாள் அது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். யாரும் தொடக்கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. பிறகு ஒருநாள் காலையில், காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு, சட்டென்று திருப்பிப் பார்ப்பார். அந்த முதல் பார்வையில் என்ன தோன்றுகிறதோ அதுதான் தீர்ப்பு. சில படங்கள் அந்த நிமிடமே வெள்ளை அடிக்கப்பட்டு மறுபிறவி எடுத்திருக்கின்றன.

அண்ணி வரைவது அரூப ஓவியம். மரம் இருக்காது, மாடு இருக்காது, மனிதர் முகம் இருக்காது. நிறம் இருக்கும், தடம் இருக்கும், கோடு இருக்கும், சில சமயம் ஒன்றுமே இல்லாதது போல ஒரு பெரிய இடம் இருக்கும். உத்தனப்பள்ளி தாண்டி எங்கள் ஊரில் இதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது லேசில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் கேட்கிற முதல் கேள்வி, "இது என்னாது?" என்பதுதான். அண்ணி பொறுமையாக, "படம்ங்க" என்பார். அவர்களும் பொறுமையாக, "அது சரி, என்னா படம்?" என்பார்கள். இந்த இடத்தில் நான் குறுக்கே புகுந்து பேச ஆரம்பித்துவிடுவேன். வடிவம், வெளி, நிறத்தின் எடை என்று ஓசூரில் ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸில் கைப்பேசியில் படித்ததையெல்லாம் அவிழ்த்து விடுவேன். வந்தவர்கள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

நான் படித்தது பொறியியல். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரம் பார்க்கிற பிரிவில் வேலை. அண்ணன் ரோஜா விவசாயம். பசுமைக்குடில் என்று விண்ணப்பங்களில் எழுதுவார்கள், நாங்கள் பாலிஹவுஸ் என்போம். இரும்புக் குழாய்களை வளைத்து நிறுத்தி மேலே பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பெரிய கூடாரம். அண்ணி பெங்களூரில் ஓவியம் படித்தவர். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. என் நண்பர்கள் கிரிக்கெட்டைத் தொடர்வதுபோல நான் அண்ணியின் படங்களைத் தொடர்ந்தேன்.

கல்யாணத்துக்கு வந்த சாமான்களோடு ஐந்தாறு மஞ்சள் படங்களும் டெம்போவிலிருந்து இறங்கின. அப்படியொரு மஞ்சளை நான் அதுவரை பார்த்ததில்லை. கத்தியால் அப்பி அப்பி, அதன் மேல் இன்னொரு அப்பு அப்பி, விரலால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். கிருஷ்ணகிரிக்காரப் பெண் என்பதால் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்.

"மாம்பழக் கூழா அண்ணி?" என்று நானே கேட்டேன்.

"மஞ்சள்" என்றார்.

"உங்க ஊர்ல சீசன்ல கூழ் ஃபேக்டரி வாசனை தெரு பூரா அடிக்குமே, அந்த ஞாபகமா?"

"மஞ்சள்னா மஞ்சள்தான் பாப்பா. அது எதையும் ஞாபகப்படுத்த வேணாம். அதுவே இருந்தா போதும்."

நான் விடுவேனா? அந்தப் படங்களுக்கு 'மஞ்சள் காலம்' என்று பெயர் வைத்தேன். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "காலமா? நான் என்னா சோழர் காலமா, பல்லவர் காலமா? இன்னும் உயிரோட இருக்கேன்டி!"

ஆனால் பெயர் வைத்தது தப்பில்லை என்று சீக்கிரமே தெரிந்தது. ஏனென்றால் அந்தக் காலம் முடிந்துபோனது. எங்கள் வீட்டைச் சுற்றி எல்லாமே நேர்கோடு. ரோஜாப் பாத்திகள், சொட்டுநீர்க் குழாய்கள், தூண்கள், அவற்றைக் கட்டி இழுத்த கம்பிகள் எல்லாம் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஓடும். பூ கட்டும் ஷெட்டில் ஒரு மூலையை அண்ணன் ஒழித்துக் கொடுத்தான், அதுதான் அண்ணியின் பட்டறை. பக்கத்து மேசையில் பெண்கள் தண்டின் நீளம் பார்த்து ரோஜாக்களைப் பிரித்து, நெளி அட்டையில் சுருட்டிக் கட்டுவார்கள். அந்த அட்டையின் துண்டுகளை எடுத்து ஈரச் சாயத்தின் மேல் அழுத்திப் பார்த்தார் அண்ணி. வரிவரியாகத் தடம் விழுந்தது. அடுத்து அண்ணனின் காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று கையில் கிடைத்தது. அதை வைத்துச் சாயத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். முன்பெல்லாம் மேலே மேலே அப்பிக்கொண்டே போனவர், இப்போது போட்டதை எடுத்துக்கொண்டே போனார். மஞ்சள் வெளிறியது. சாம்பல் வந்தது, கறுப்புக் கோடு வந்தது, அதற்குள் ஒரு ஓரமாக, மறந்துபோன மாதிரி, பழைய மஞ்சளில் ஒரு கீற்று.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "மஞ்சள் நல்லா இருந்துச்சு. இப்ப கரண்ட் வயர் அறுந்து விழுந்த மாதிரி இருக்குது" என்றான்.

"நீங்க மட்டும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா செடியப் புடுங்கிப் போட்டு வேற ரகம் வெக்கறதில்ல?" என்றார் அண்ணி.

"அது மார்க்கெட் கேக்குது."

"இது கை கேக்குது."

எனக்கு அந்தச் சண்டைகள் பிடிக்கும். அண்ணன் கடைசியில் தோற்றுப்போய், "சரி சரி, ஷீட்டு மேல மட்டும் வரைஞ்சுடாத தாயி" என்று எழுந்து போவான்.

இப்படி இருக்கையில்தான் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். சின்னதாக ஒரு கேலரி நடத்துகிறவர், அண்ணியோடு படித்த ஒருவருக்குப் பழக்கம். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். கூடத்தில் மாட்டியிருந்த மஞ்சள் படத்துக்கு முன்னால் நின்றவர், கொடுத்த காபியை ஆறவிட்டார். அது நல்ல சகுனம் என்று நான் அடுப்படியில் அண்ணியிடம் கிசுகிசுத்தேன். ஷெட்டுக்குப் போய்க் கோட்டுப் படங்களையும் பார்த்தார். "இதுவும் இருக்கு" என்று தலையாட்டினார். திரும்பக் கூடத்துக்கே வந்து மஞ்சளுக்கு முன்னால் நின்றார்.

கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசினார். சாராம்சம் இதுதான்: புதியவர்களை வைத்து ஒரு கண்காட்சி போடுகிறார். நுழைந்ததும் எதிரே வருகிற பெரிய சுவரை அண்ணிக்குத் தருவார். அதற்கு ஒரே ஒரு பெரிய படம் வேண்டும். "இதே மஞ்சள். இதே கனம். ஆனா பெருசா. உள்ள வந்தவங்க அப்படியே நின்னுடணும்."

அண்ணி, "ஆய்த்து" என்றார், சரி என்று கன்னடத்திலேயே. உடனே, யோசிக்காமல்.

பெங்களூரில் படித்த காலத்தில் கூடப் படித்தவர்களின் கண்காட்சிகளில், அவர்கள் படங்களுக்குக் கீழே சமோசா தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாராம். தன் பெயர் போட்ட சுவர் ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. அன்றைக்கு வீட்டு ரசத்தில் உப்பே இல்லை. யாரும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் உப்பு டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், மஞ்சள் வரவில்லை. கத்தியை எடுப்பார், அப்புவார், கொஞ்ச நேரத்தில் கை தானாக ஏடிஎம் கார்டைத் தேடும். சுரண்டிவிடுவார். "அவங்க கேட்டது இது இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி அப்புவார். "ஏன் அண்ணி இவ்ளோ கஷ்டம்? நீங்க போட்ட மஞ்சள்தானே?" என்றேன். "எட்டாங்கிளாஸ் யூனிஃபார்ம எடுத்துப் போட்டுப் பாரு, தெரியும்" என்றார்.

அந்த அளவுக்குக் கேன்வாஸும் கிடைக்கவில்லை. அப்போது என் தலையில் பல்பு எரிந்தது. பாலிஹவுஸ் கூரையை மாற்றும்போது கழற்றிய பழைய ஷீட் ஷெட்டுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தோம். கெட்டியான பிளாஸ்டிக், எந்த அளவுக்கும் வெட்டலாம். வழுவழுப்பில் சாயம் ஒட்டாதே என்று அண்ணி தயங்கினார். எங்கள் தொழிற்சாலையில் வண்டியின் பிளாஸ்டிக் பம்பருக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். அதையே செய்யலாம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் நானும் அண்ணியும் தரையில் உட்கார்ந்து எதிரெதிர் மூலைகளிலிருந்து தேய்த்துக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தோம். முழங்கால் முட்டியெல்லாம் வெள்ளைத் தூசி. அதன் மேல் மெல்லிசாக வெள்ளை அடித்து, பிறகு மஞ்சள். இந்த முறையும் நடுநடுவே கை கார்டுக்குப் போனது, ஆனாலும் அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தார்.

"எப்படி அண்ணி இருக்குது?"

"கேட்ட மாதிரி இருக்குது" என்றார். நல்லா இருக்குது என்று சொல்லவில்லை. வழக்கப்படி, ஷெட்டில் ஒரு குழாயின் மேல் அதைத் தொங்கவிட்டு, மஞ்சளைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். நமக்குத் தெரிந்தது அதன் முதுகு மட்டும்தான். திட்டுத் திட்டாக வெள்ளை.

அந்த வாரம் கோடைமழை. மழையைவிடக் காற்று. எங்கள் பக்கத்துப் பாலிஹவுஸ்காரர்கள் சித்திரை வைகாசியில் வானத்தைப் பார்த்தபடியேதான் சாப்பிடுவார்கள். எங்கள் கூரையில் கீழ்ச்சரிவில் ஒரு இடம் டர்ரென்று கிழிந்து, துணி காயப்போட்ட மாதிரி படபடத்தது. மறுநாள் நானும் அண்ணியும் ஏற்கெனவே சொல்லி வைத்தபடி பெங்களூர் போனோம், சுவரைப் பார்க்க. அண்ணன் ஷீட் மாட்டுகிற மேஸ்திரிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

சுவர் வெறுமையாக, பளிச்சென்று இருந்தது. அண்ணி இரண்டு கைகளையும் விரித்து அதன் மேல் ஒட்டிக்கொண்டு நின்றார். அளவு பார்ப்பதாகச் சொன்னார். கட்டிப்பிடித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

மதியத்துக்கு மேல் திரும்பி வந்தால், ஷெட்டில் குழாய் காலியாக இருந்தது.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். வெளியே ஓடினோம். மேஸ்திரி ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் திருப்தியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழிசல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு ஷீட், சுற்றிலும் ஸ்பிரிங் கம்பி போட்டு இறுக்கி, ஒரு சுருக்கம் இல்லாமல்.

"அண்ணா, அந்த ஷீட்டு எங்க கெடச்சுது?" என்று கேட்டேன்.

"ஷெட்டுல தொங்கிட்டிருந்துச்சாம். ஏன்?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். மேஸ்திரிக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது.

"அம்மா, முதுகு பூரா வெள்ளையா இருந்துச்சுங்க. வெயிலுக்கு சுண்ணாம்பு அடிச்சு வெச்ச ஷீட்டுன்னு நெனச்சுட்டேன்." கோடையில் செடி வாடாமல் இருக்க ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பது இங்கே எல்லாரும் செய்வதுதான்.

"திருப்பிப் பாக்கலையா நீங்க?" என்றேன்.

"பாத்தேனுங்களே! மஞ்சளா இருந்துச்சு. பூச்சி வந்து ஒட்டிக்க மஞ்ச அட்டை தொங்க விடறோமில்லீங்களா? இவங்க ஷீட்டுக்கே மஞ்சள் அடிச்சுட்டாங்களாட்டம், படிச்சவங்க, புது டெக்னிக்கு போலன்னு நெனச்சேன். அதான் மஞ்சள் உள்பக்கமா வர்ற மாதிரி போட்டேன். சரியாத்தானுங்களே போட்டிருக்கேன்?"

அண்ணனின் முகம் மெதுவாக மாறியது. "அய்யய்யோ. அது உன் படமா?" என்றான் அண்ணியைப் பார்த்து. "இவன் போன்ல 'சுண்ணாம்பு ஷீட்டு ஒன்னு ரெடியா இருக்குது'ன்னான். நானும் போடுறான்னுட்டேன். சத்தியமா நான் பாக்கல. இரு, இப்பவே கழட்டச் சொல்றேன். டேய், ஏணிய விரி."

"இருங்க" என்றார் அண்ணி. அழப்போகிறார் என்று நினைத்தேன். செருப்பை விட்டுவிட்டுப் பாலிஹவுஸுக்குள் நுழைந்தார்.

நானும் பின்னாலேயே போனேன். மேற்கு வெயில் நேராக அந்தச் சரிவில் விழுந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்ததும் நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

கத்தியால் கனமாக அப்பிய இடங்களெல்லாம் வெளிச்சம் புகாமல் கருகி, மேகம் மாதிரி இருட்டிக் கிடந்தன. மஞ்சள் வராத கோபத்தில் அண்ணி சுரண்டி விட்ட இடங்கள், அங்கேயும் இங்கேயும் தப்பிப்போன மெல்லிய இடங்கள், அவை எரிந்தன. தீபாராதனைத் தட்டை முகத்துக்கு நேரே காட்டிய மாதிரி. நாங்கள் உப்புத்தாளால் தேய்த்த தடங்கள்கூடச் சுழல் சுழலாகத் தெரிந்தன. பழைய ஷீட்டின் மடிப்பு ஒன்று குறுக்கே ஓடியது. வெளியே மேகம் நகர்ந்தபோது படம் முழுவதும் ஒருமுறை அணைந்து, மறுபடி பற்றிக்கொண்டது. அந்த வெளிச்சம் ரோஜாச் செடிகளின் மேல், பாதையின் மேல், அண்ணியின் முகத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அண்ணி இரண்டு பாத்திகளுக்கு நடுவே அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்துப் பாத்தியில் பூ வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவருக்கு இதெல்லாம் தொந்தரவாக இருந்தது. ஒவ்வொரு மொட்டையும் வெட்டி, மஞ்சள் வெளிச்சத்தைத் தாண்டி அடுத்த பாத்திக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். "என்னாங்க இது, செவப்பா ஆரஞ்சான்னே தெரியல. என் கையப் பாருங்க, கல்யாணப் பொண்ணுக்கு நலங்கு வெச்ச மாதிரி. இதெக் கழட்டச் சொல்லுங்க மொதல்ல."

"கொஞ்சம் பொறுத்துக்கக்கா" என்றார் அண்ணி, கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு என்னிடம் மெதுவாக, "பாப்பா, நான் அப்பின எடமெல்லாம் செத்துக் கெடக்குது பாத்தியா. சொரண்டின எடம்தான் உசுரோட இருக்குது."

"சூப்பரா இருக்குது அண்ணி. ஆனா சொவரு?"

"ம்."

"அடுத்த வாரம் படம் போகணும்."

"தெரியும்டி."

இரண்டு நாள் அவர் அதை இறக்கச் சொல்லவில்லை. காலையில் போய்ப் பார்ப்பார், உச்சிவெயிலில் பார்ப்பார், வானம் மூடினால் ஓடிப்போய்ப் பார்ப்பார். அண்ணன் குற்ற உணர்ச்சியில் அவருக்கு இளநீர் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தான். கடைசியில் அண்ணியே கேலரி அம்மாவுக்குப் போன் செய்து, "ஒருதடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

வந்தார். மண்ணில் சேலை படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, அண்ணி காட்டிய இடத்தில் நின்று நிமிர்ந்தார். இந்த அம்மா மட்டும் சரி என்றால், ஒரு பெரிய விளக்கைப் பின்னால் வைத்து, நடுக்கூடத்தில் தொங்கவிட்டு... மனதுக்குள் வயரிங் வரை போய்விட்டேன்.

"சென்னாகிதே" என்றார் கடைசியில். "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா என்கிட்ட இருக்கறது சுவர். பின்னாடி வெளிச்சம் இல்ல. நடுவுல தொங்கவிட இடமும் இல்ல, மத்தவங்க படம் இருக்கு. இதை இறக்கி, நான் கேட்ட பக்கம் தெரியற மாதிரி மாட்டினா, நான் கேட்ட மஞ்சள். இப்பவும் எனக்கு அது வேணும்." அண்ணியின் தோளில் கை வைத்தார். "கோவிச்சுக்காதம்மா. நாளைக்குள்ள சொல்லு. இல்லேன்னா வேற பையன் ஒருத்தன் காத்திட்டிருக்கான்."

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் கொடுமை. நேர்மையாகத்தான் பேசினார். ஸ்பிரிங்கைக் கழற்றினால் போதும். படம் தயார், சுவர் தயார். அண்ணியின் பெயர் அதற்குக் கீழே இருக்கும்.

அன்றைக்கு முழுவதும் நான் அண்ணியைச் சுற்றிச் சுற்றி வந்து வாதாடினேன். "இப்ப அத மாட்டுங்க அண்ணி. உள்ள போனாத்தான் நாளைக்கு நம்ம இஷ்டத்துக்குப் போட முடியும். எல்லா ஆர்ட்டிஸ்ட்டும் அப்படித்தான்."

"எந்த ஆர்ட்டிஸ்ட்டு?"

"எல்லாரும்தான்."

"நீ எத்தன பேரப் பாத்திருக்க?"

"உங்கள மட்டும்தான்."

"அப்ப வாய மூடு" என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினார். வலிக்கக் கிள்ளினார்.

மறுநாள் எனக்கு மதிய ஷிப்ட். காலையில் எழுந்து அண்ணியைத் தேடினேன். அடுப்படியில் இல்லை, ஷெட்டிலும் இல்லை. பாலிஹவுஸின் கதவு திறந்திருந்தது. உள்ளே, மேஸ்திரி விட்டுப்போன ஏணியின் மேல் அண்ணி நின்றுகொண்டிருந்தார். புடவையை இழுத்துச் செருகி, தலையில் துண்டு கட்டி, கையில் அந்த ஏடிஎம் கார்டு. கூரையில் ஒட்டியிருந்த கனத்த மஞ்சளைக் கீழிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவன் அண்ணன். அவன் தலையிலும் தோளிலும் மஞ்சள் செதில்கள் விழுந்து கிடந்தன. மஞ்சள் நீராட்டு விழாவிலிருந்து தப்பி வந்தவன் போலிருந்தான்.

"அண்ணி! சொவருக்குப் போற படம்!"

"போகல" என்றார் மேலிருந்து. "இப்பத்தான் போன்ல சொன்னேன்."

"சொல்லிட்டீங்களா? என்னா சொன்னாங்க?"

"சரின்னாங்க. மழை வந்தா இது எப்படி இருக்கும்னு கேட்டாங்க. தெரியலன்னேன்." கார்டைப் புடவையில் துடைத்தார். "எனக்கு என்னா ஆச்சுன்னா பாப்பா, இத எறக்கி அங்க மாட்டிட்டா, அடுத்து அவங்க இன்னொன்னு கேப்பாங்க, நானும் போடுவேன். இந்த வெளிச்சத்தப் பாக்காதவ மாதிரியே போட்டுட்டு இருப்பேன். என்னால முடியாது."

"ஏண்டா, நீயாவது சொல்லக்கூடாதா?" என்று அண்ணன் மேல் பாய்ந்தேன். அவசரத்தில் டா வந்துவிட்டது.

"நான் என்னா சொல்றது?" என்றான் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, இமையில் மஞ்சள். "ஏணியப் புடின்னா. புடிச்சிருக்கேன்."

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அண்ணிக்காக அழுதேனா, அந்தச் சுவருக்குக் கீழே என்னை நானே நிறுத்திப் பார்த்து வைத்திருந்த கனவுக்காக அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குள் மேலே ஒரு பெரிய செதில் பெயர்ந்து, திறந்த இடத்தின் வழியாக வெயில் என் மடியில் வந்து விழுந்தது. சுத்த மஞ்சள்கூட இல்லை. தேன் நிறத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அழுகையை நிறுத்திவிட்டு, "அண்ணி, அந்த எடத்த அப்படியே விடுங்க, தொடாதீங்க!" என்று கத்தினேன்.

கண்காட்சி தொடங்கிய அன்று நாங்கள் இருவரும் போனோம். அண்ணிதான் போகலாம் என்றார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டார். எதிர்ச்சுவரில் ஒரு பையனின் படம் இருந்தது, நீலமும் துருவும் கலந்த ஒரு பெரிய துணி. கேலரி அம்மா எங்களைப் பார்த்ததும் வந்து அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அண்ணி சிரித்தார், சமோசா சாப்பிட்டார், அந்தப் பையனைக் கூப்பிட்டு எப்படித் துருவை ஒட்ட வைத்தாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு தள்ளிப்போய் நின்று அந்தச் சுவரை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார். அப்போது அவர் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

திரும்பி வருகையில் அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் லாரிகள். "வருத்தமா இருக்குதா அண்ணி?" என்றேன்.

"இல்லாம? வயிறு எரிஞ்சுது. நல்லா போட்டிருக்கான் வேற, அது இன்னும் எரியுது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆனா என்னுது அங்க தொங்கியிருந்தா, அத நிமிந்து பாக்க முடியாம நான் ஓரமா நின்னு சமோசா தட்டத்தான் பாத்துட்டு இருந்திருப்பேன். அதையும் நெனச்சுப் பாத்தேன்."

அப்போது அண்ணனிடமிருந்து போன் வந்தது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"இதப் பாரு, புது ஷீட்டு ரோல் வந்துடுச்சு. நாளைக்கு மேஸ்திரி வர்றான். அந்தக் கிழிசல் எடத்த மாத்திடறேன்."

"மாத்தக்கூடாது."

"மழைக்காலம் வருது, செடிக்கு வெளிச்சம் வேணுமில்ல?"

"அதான் சொரண்டிட்டேனே, வெளிச்சம் வருதே!"

"மூணு வரிசைப் பூவ வெட்ட ஆளுங்க அழுவறாங்கம்மா. கலரே தெரியலயாம்."

"நானே வெட்டறேன் அந்த மூணு வரிசைய. ஆடி முடியற வரைக்கும் விடுங்க."

"ஆடியா? ஆனி."

"மழையில அது எப்படி இருக்குதுன்னு நான் பாக்கணும். ஆனியில எங்க மழை? ஆடி."

"உனக்குத் தண்டு நீளம் பாத்து வெட்டத் தெரியுமா?"

"இவளுக்குத் தெரியும். தரம் பாக்கறதுதானே இவ வேலை? ஞாயித்துக்கிழமை இவளும் வருவா."

"நான் எப்ப சொன்னேன்?" என்றேன். முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பி எங்களைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தால் ஆனியா ஆடியா என்று அவருக்கும் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

"ஆனி கடைசி. அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது" என்றான் அண்ணன்.

அண்ணி போனை என் பக்கம் நீட்டி, "நீ பேசு, உன் அண்ணன்தானே" என்றார். புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "ஆடிக்குக் கொறஞ்சு ஒத்துக்காத" என்று என் காதில் சொன்னார்.